அகழிக்கு ஒரு கோழி

அகழியில் நான்கு பக்கமும் தண்ணீர் ஏறி நின்ற காலையில் ஹவிசா செய்த முதல் வேலை, குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்ததுதான். நாற்பத்திரண்டு வயது முகம். மூக்கு நுனியில் களிமண் அப்பியிருந்தது. துடைக்கவில்லை. இருக்கட்டுமே, நம் மண்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷ வேலை அது. அறுவடை முடிந்து மண் உறையும்வரை கிடைக்கிற நாள்களில் அவளும் புருஷன் துர்ஸ்டனும் மகள் அமீசியாவும் வெட்டினார்கள். பீருக்கும் கஞ்சிக்கும் ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள். இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்துக் களிமண் சும்மா விட்டுவிடாது. காய்ந்தால் மண்வெட்டியை உடைக்கும், நனைந்தால் காலணியைப் பிடுங்கிக்கொள்ளும். வெட்டியதை எல்லாம் நடுவில் கொட்டி மேடாக்கினார்கள். மேட்டில் வீடு, தொழுவம், கோழிக்கூடு. மூன்று பக்கம் தண்ணீர் பிடித்தது. வடக்குப் பக்கம் மட்டும் அடியில் மணல் ஓடியதால், பெய்த மழையெல்லாம் இரண்டே நாளில் காணாமல் போனது. ஊரே கைவிரித்தபோது ஹவிசாதான் அந்தப் பள்ளத்தில் களிமண்ணைப் பரப்பி நனைத்து, எட்டு எருதுகளை இறக்கி, மூன்று நாள் மிதிக்கவிட்டாள். எருதுகளுக்குக் கால் வலித்ததோ என்னவோ, கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அடுத்த மழையில் தண்ணீர் நின்றது.

ஊரில் கேலிக்குப் பஞ்சமில்லை.

"ஏ துர்ஸ்டா, யாருக்குப் பயந்து இந்தக் கோட்டை? பிரெஞ்சு ராஜா ஒன் பன்னிக்குட்டியத் தூக்கிட்டுப் போக வர்றாராமா?"

"வரட்டுமே. இடுப்பு வரைக்கும் நனைஞ்சுக்கிட்டு வரட்டும்" என்பான் துர்ஸ்டன்.

கேட்டவர்களுக்கும் விஷயம் தெரியும். ப்ரோக்ஸ்டெட் ஊரில் யாரும் பயந்து அகழி வெட்டுவதில்லை. பிரபுவின் வீட்டைச் சுற்றி ஒன்று இருக்கிறது. பாதிரியார் வீட்டைச் சுற்றி, சின்னதாக, வாத்து நீந்தும் அளவுக்கு ஒன்று. மூன்றாவது இப்போது துர்ஸ்டன் வீட்டைச் சுற்றி. பண்ணைக்குடிகள் பிரபுவின் உத்தரவு இல்லாமல் தங்கள் நிலத்தில் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. அடுப்புப் பூசக் களிமண் எடுக்கவும் போய் நின்று கேட்க வேண்டும். துர்ஸ்டனோ பாட்டன் காலத்திலிருந்தே சுதந்திரக்குடி. அவன் நிலம் அவனுடையது. வெட்டினால் கேட்க ஆள் கிடையாது. அதை வாயால் சொன்னால் தற்பெருமை என்பார்கள். நான்கு பக்கமும் தண்ணீரை நிறுத்திவைத்தால் வழியில் போகிறவனே பார்த்துத் தெரிந்துகொள்வான்.

ஹவிசாவுக்கு அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அவள் பிறந்தது பண்ணைக்குடியில். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் அப்பா ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிரபுவின் களஞ்சியத்துக்குப் போவார். பண்ணைக்குடி என்பதற்கு அந்தக் கோழிதான் அடையாளம். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு வருஷம் பனி கொட்டியது. கோழி வழியிலேயே விறைத்துச் செத்துவிட்டது. அப்போதிருந்த காரியஸ்தர் அதைத் தூக்கி அப்பாவின் காலடியில் எறிந்தார். "செத்த கோழி செல்லாது. உயிரோட ஒண்ணு கொண்டா" என்றார். அப்பா முழங்கால் பனியில் வீட்டுக்கு வந்தார். பேசாமல் இன்னொரு கோழியைப் பிடித்துக்கொண்டு திரும்பப் போனார். அந்தக் குளிரில் அவர் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. செத்ததை அம்மா குழம்பு வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள், அப்பா மட்டும் தொடவில்லை.

துர்ஸ்டனின் கையைப் பிடித்த நாளோடு ஹவிசாவுக்கு அந்தக் கோழி நின்றது. சுதந்திரக்குடியைக் கட்டியவள் சுதந்திரக்குடி, பிள்ளைகளும் அப்படியே. இருபது கிறிஸ்துமஸ் போய்விட்டது. அவள் வீட்டிலிருந்து ஓர் இறகுகூட அந்தக் களஞ்சியத்துக்குப் போனதில்லை.

இந்த நேரத்தில்தான் பிரபுவின் பண்ணைக்குப் புதுக் காரியஸ்தர் வந்தார். இங்கிரம் என்று பெயர். வந்த வாரமே குதிரையில் ஊரைச் சுற்றினார். அகழிக்கு எதிரில் குதிரையை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். மறுநாள், பண்ணைக் கோர்ட்டு கூடுவதற்கு முந்தின பகலில், வாரின் வந்தான்.

வாரின் ஹவிசாவின் அண்ணன். இன்னமும் பண்ணைக்குடி. போதாக்குறைக்கு அந்த வருஷம் பண்ணைத் தலையாரியும் அவன்தான். காரியஸ்தருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. தும்முவதற்கும் உத்தரவு கேட்டுப் பழகிய மனிதன். பாலத்தில் கால் வைக்கும்போதே அவன் சிரித்த சிரிப்பு ஹவிசாவுக்குப் பிடிக்கவில்லை.

"பெரிய விசயம் ஒண்ணுமில்ல தங்கச்சி. புது ஐயா நல்ல மனுசன்தான். கோவமே படல. ‘யாரக் கேட்டு வெட்டுனான்’னு மட்டும் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? தலையச் சொறிஞ்சேன். நாளைக்குக் கோர்ட்டு கூடுது. மாப்ள வந்து, ‘ஐயா, தெரியாம வெட்டிட்டேன், உத்தரவு குடுங்க’ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். கையில ஒரு கோழி. ஒரே ஒரு கோழி. குமாஸ்தா எழுதிக்குவாரு, முடிஞ்சு போச்சு. இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"மண்ணப் போட்டுத் தூத்துடணுமாம்."

ஹவிசா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னன்னு எழுதிக்குவாரு அண்ணே? ‘துர்ஸ்டன் உத்தரவு கேட்டான், கோழி குடுத்தான்’னு. வர்ற கிறிஸ்துமஸுக்கு எழுதுன ஆட்டுத்தோலப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, ‘போன தடவ குடுத்தியே, இந்தத் தடவ எங்க’ம்பாரு. அப்புறம் அறுப்புக்கு வா, உழவுக்கு வா. நாளைக்கு என் மக கல்யாணத்துக்கு உத்தரவு கேட்டு நான் அந்தாளு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். நம்மப்பா எனக்காகப் போயி நின்னாரே, அது மாதிரி."

"ஒரு கோழிக்கு இவ்ளோ பேச்சா?"

"அப்பாவுக்கு ரெண்டு வெரலு போச்சு. ஒனக்கு அது ஒரு கோழி."

வாரின் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை, நேராக வயலுக்குப் போய்த் துர்ஸ்டனைப் பிடித்தான். இது ஹவிசாவுக்குத் தெரியாது.

சாயங்காலம் சாப்பிடும்போது துர்ஸ்டனே பேச்சை எடுத்தான். "ஒரு கோழிதானே ஹவி, குடுத்துட்டுப் போவமே." அவன் சுதந்திரக்குடியாகப் பிறந்தவன். கோழி என்றால் அவனுக்கு முட்டை ஞாபகம் வரும். அவ்வளவுதான். ஹவிசா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவன் "ம்" என்றான். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள், அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று தவறாகக் கணித்தது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் காலையில் முட்டை எடுக்கப் போனால், நடுக்கூடு காலியாக இருந்தது. செவலைக் கோழியைக் காணோம். அவள் கோழிகளிலேயே அதிகமாக முட்டையிடுவது அது.

"அமீசியா! செவல எங்கடி?"

"அப்பா தூக்கிட்டுப் போனாரும்மா. மாமாகூட. அதோட கால வேற வைக்கோல்ல கட்டிக்கிட்டு இருந்தாரு."

ஹவிசா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கூந்தல் துணி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. இரண்டு வயல், ஒரு வேலி, பிறகு தேவாலயச் சந்து. கோபம் துர்ஸ்டன் மேலா, வாரின் மேலா, இல்லை அந்தப் புதுக் காரியஸ்தர் மேலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பண்ணைக் கோர்ட்டு கூடுவது பிரபுவின் களஞ்சியத்தில். ஒரு பக்க பெஞ்சில் சாட்சிக்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், பாதிப் பேர் அகழி வெட்ட வந்து அவள் கஞ்சியைக் குடித்தவர்கள். மேசைக்குப் பின்னால் இங்கிரம். பக்கத்தில் குமாஸ்தா இறகுப் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு துர்ஸ்டன். அவன் கக்கத்தில் செவலைக் கோழி.

முதுகை லேசாக வளைத்து அவன் நின்றது, அப்படியே அவள் அப்பா நின்ற மாதிரிதான். ஹவிசாவுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அப்படியே விழுங்கினாள்.

"எழுது" என்று இங்கிரம் குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பிரபுவின் உத்தரவு வேண்டி... கோழிய மேச மேல வைப்பா."

ஹவிசா போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, போயும் போயும் இதயா தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சோதாக் கோழியக் கொண்டாந்தா நமக்குத்தானே கேவலம்?" துர்ஸ்டன் கிசுகிசுத்தான். பிறகு இன்னும் மெதுவாக, "தூத்துடச் சொல்லிருவானோன்னு பயந்துட்டேன் ஹவி. நீ மூணு நாளு தொண்ட கிழியக் கத்துனது..." என்றான்.

அந்த நிமிஷத்தில் அவன் மேலிருந்த கோபம் போய்விட்டது. மற்ற கோபம் போகவில்லை.

"யாரும்மா நீ?" என்றார் இங்கிரம்.

"கோழிக்குச் சொந்தக்காரிங்க. கோழியெல்லாம் என் பொறுப்பு. நானே குடுக்கிறேன்."

துர்ஸ்டனின் கக்கத்திலிருந்து கோழியை வாங்கினாள். அதன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது, அத்தனை முட்டையிட்ட கோழி. அப்புறம் ஒரே திருகு. சிறகுகள் படபடவென்று அடித்தன. ஓர் இறகு பறந்துபோய்க் குமாஸ்தாவின் மைக்கூட்டில் விழுந்தது. அடங்கியதும் கோழியை மேசையின் மேல் வைத்தாள்.

"இந்தாங்க ஐயா."



"என்ன இது?" என்றார் இங்கிரம்.

"செத்த கோழிங்க. இது செல்லாதுங்களே! இந்தப் பண்ண வழக்கம் அப்படி. நீங்க ஊருக்குப் புதுசு. தலையாரியக் கேட்டுப் பாருங்க."

வழக்கம் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் காரியஸ்தரும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பிரபுவே வந்தாலும் வழக்கத்தைத் தாண்ட முடியாது. அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியவன் தலையாரி. இங்கிரம் வாரின் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா, அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

வாரின் தன் காலைப் பார்த்தான். ஹவிசா அவன் முகத்தைப் பார்த்தாள். இருக்கிறதா என்று கேட்டால் தெரியாதுங்க என்பான், பார்க்கணுங்க என்பான், ஐயா சொன்னால் சரிங்க என்பான். நாற்பத்தைந்து வருஷமாக அவன் வாயில் வந்ததெல்லாம் அவ்வளவுதான்.

"இருக்குங்க" என்றான் வாரின்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னான்.

"இருக்குங்க ஐயா. செத்த கோழி செல்லாது. எங்கப்பன் கொண்டாந்தது பனியில செத்துப்போச்சு. இதே மேசதான். அப்ப இருந்த ஐயா தூக்கி எங்கப்பன் கால்ல எறிஞ்சாரு. நான் பக்கத்துல நின்னேன். எனக்குப் பத்து வயசு. அன்னிக்கு அது வழக்கம்னா இன்னிக்கும் அதான் வழக்கம்."

அவன் அங்கே நின்றிருந்தான் என்பது ஹவிசாவுக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதே இல்லை.

"ஆமா, நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். "ஆமா, ஆமா" என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

இங்கிரம் விரலால் மேசையைத் தட்டினார். "சரி. வேற கோழி கொண்டு வரச் சொல்லு."

"எதுக்குங்க?" என்றாள் ஹவிசா. "கோழி குடுக்கறது பண்ணக்குடி. இந்தப் பன்னெண்டு பேரும் சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்காங்க. எங்க வீட்டுக்காரரோ, அவங்கப்பாவோ, அவங்க தாத்தாவோ, ஒருநாளாவது ஒரு கோழி குடுத்திருக்காங்களான்னு கேளுங்க. அந்த நெலத்துல உத்தரவு கேட்டு ஒரு குழி வெட்டியிருக்காங்களான்னு கேளுங்க."

அவர் கேட்டார். கேட்காமல் இருக்க முடியாது. பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அகழியைக் கேலி செய்ததில் இவர்களில் ஒருத்தரும் பாக்கி இல்லை.

"இல்லைங்க" என்றார் முதல் ஆள். "துர்ஸ்டன் சுதந்திரக்குடி. எங்களுக்குத் தெரிஞ்சு எப்பவுமே அப்படித்தான்."

"இல்லைங்க." "இல்லைங்க." வரிசையாகப் பன்னிரண்டு தடவை.

இங்கிரம் முட்டாள் இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு துர்ஸ்டனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படின்னா இந்த ஆளு எதுக்குக் கோழியத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நின்னான்?"

துர்ஸ்டன் வாயைத் திறந்தான். அவன் எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுப்பதற்குள் ஹவிசா முந்திக்கொண்டாள்.

"ஊருக்குப் புதுசா பெரியவங்க வந்தா, வீடு இருக்கிறவங்க ஒரு வேள சாப்பாட்டுக்குக் கூப்பிடணும்ங்களே. கூப்பிட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன். இவருக்கு வாயால கூப்பிடத் தெரியல, கோழியையே தூக்கிட்டு வந்து காட்டிக்கிட்டு நிக்கிறாரு. மத்தியானம் வாங்க ஐயா. பெஞ்சுல இருக்கிறவங்களும் வாங்க."

"ஒரு கோழி இத்தன பேருக்கா?" என்றான் ஒருத்தன்.

"ஒனக்கு பார்லி நெறைய போடுறேன். அகழி வெட்ட வந்தப்ப பார்லிக் கஞ்சியத்தானே ஏழு கிண்ணம் குடிச்ச!"

களஞ்சியம் சிரித்தது. சிரிக்க ஆரம்பித்தது நிற்கவில்லை. துர்ஸ்டன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். இங்கிரமின் உதட்டிலும் ஏதோ அசைந்தது. அவர் குமாஸ்தாவைப் பார்த்துக் கையை அசைத்தார். குமாஸ்தா ஒரு சிறு கத்தியை எடுத்து, ‘துர்ஸ்டன்’ என்று தொடங்கிப் பாதியில் நின்ற வரியை ஆட்டுத்தோலிலிருந்து சுரண்டினார். அந்தச் சுரண்டல் சத்தம் முழுதாக முடிகிறவரை ஹவிசா நகரவில்லை. பிறகு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மத்தியானத்துக்குள் இறகு பிடுங்கிக் குழம்பு கொதித்தது. பார்லி, வெங்காயம், தோட்டத்துக் கீரை. ஆள் கணக்குக்கு ஈடுகொடுக்கப் புகைமூட்டிவைத்த பன்றி இறைச்சியிலிருந்து ஒரு துண்டு. அமீசியா மேசைத் துணியை மூன்று தடவை இழுத்து விரித்தாள். ஹவிசா கதவோரம் நின்று வெளியே பார்த்தாள்.

வந்தார்கள். முன்னால் இங்கிரம், பின்னால் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் பின்னால் வாரின். வயல் வரப்பில் வந்தவர்கள் பாலத்தருகில் நின்றார்கள். பாலத்தின் உள்முனையில் படல் சாத்தியிருந்தது. நாய் குரைத்தது.

துர்ஸ்டன் படலைத் திறக்க ஓடப்போனான். ஹவிசா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க."

"ஐயா நிக்கிறாரு ஹவி!"

"நிக்கட்டும். கூப்பிடட்டும்."

இங்கிரம் வலது பக்கம் பார்த்தார், தண்ணீர். இடது பக்கம் பார்த்தார், அங்கேயும் தண்ணீர். வடக்குக் கரையில்கூட ஒரு விரல் குறையாமல் நின்றது. அந்தப் பக்கம் பார்த்தபோது ஹவிசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எருதுகளுக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஓட்ஸ் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். காரியஸ்தர் படலைப் பார்த்தார், கதவோரம் நிற்கிறவளையும் பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா! உள்ள வர உத்தரவுங்களா?"

பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் இதைக் கேட்டார்கள். சாகிறவரை ஊரில் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

ஹவிசா கையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"குடுத்தேன். வாங்க!"

துர்ஸ்டன் படலைத் திறந்தான். பலகை அதிர ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். கடைசியில் வாரின் மட்டும் அக்கரையிலேயே நின்றான். முந்தின நாள் எந்தச் செய்தியோடு இந்தப் பாலத்தைத் தாண்டினான் என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான்.

"எனக்கும் உத்தரவு உண்டா தங்கச்சி?"

ஹவிசா பாலத்தைத் தாண்டி அக்கரைக்கே நடந்துபோனாள். அவன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி அவன் தலையிலேயே வைத்து அழுத்தினாள்.

"நீ இங்க எவனையும் கேக்க வேண்டாம் அண்ணே. வா, குழம்பு ஆறுது. முதல் கிண்ணம் ஒனக்குத்தான்."